தபசுகாலத்துத் தொதல்

பிலேந்திரனுக்குக் கடல் ஒத்துவரவில்லை. தோட்டவெளியில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும், வள்ளத்தில் கால் வைத்தவுடன் குடல் வெளியே வந்துவிடும்போலச் சத்தியெடுத்தான். அப்பன் இன்னாசிமுத்து பொறுத்துப் பார்த்தார், ஏசிப் பார்த்தார், அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தும் பார்த்தார். கடைசியில் ஒரு பழைய கமராவைக் கையில் கொடுத்து, "கரையிலயே கிடந்து பிழைச்சுக்கொள்" என்று விட்டுவிட்டார்.

அவனும் பிழைத்துக்கொண்டான். நாற்பது வயதில் மன்னார்ப் பட்டினத்தில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் போகும் ஒழுங்கையில், ஸ்ரெல்லா ஸ்ரூடியோ என்று சொந்தக் கடை இருந்தது. கலியாண வீடு, முதல்நன்மை, செத்தவீடு எல்லாவற்றுக்கும் அவன்தான் படம். அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. சமாதானப் பேச்சு முறிந்து சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. பயணத்துக்கு ஆமியிடம் பாஸ் எடுக்கவும் பதியவும் சனம் படத்துக்கு வந்து வாசலில் நின்றது. ஊரெல்லாம் தொழில் படுத்துக் கிடக்க, படம் பிடிக்கிறவனுக்கு மட்டும் வேலை குவிந்தது. அதை நினைத்தால் அவனுக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். மத்தியானச் சோற்றுக்கு முன்னமே அந்தக் கூச்சம் போயும்விடும்.

கொம்பியூட்டர் வந்த பிறகுதான் அவனுக்கு வாய் நீண்டது. கொழும்பில் யாரிடமோ கொஞ்சம், புத்தகத்தைப் பார்த்துக் கொஞ்சம், கழற்றிப் பழுதாக்கி மிச்சம் என்று அந்த வேலையைப் பழகியிருந்தான். கந்தோர்களிலும் பள்ளிக்கூடங்களிலும் இயந்திரம் மக்கர் பண்ணினால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். இவனும் கையை வீசிக்கொண்டு போய், மூடியைக் கழற்றி, தூசியை ஊதி, வயரை இழுத்துச் செருகிவிட்டு, ஏதோ உயிர் கொடுத்தவன் மாதிரி நிமிர்ந்து பார்ப்பான். "மன்னார்த் தீவில நான் கழட்டிப் பூட்டாத கொம்பியூட்டர் ஒண்டு இருந்தால் காட்டுங்கோ பாப்பம்" என்பது அவனுடைய நிரந்தரப் பேச்சு. சொல்லும்போது எதிரில் நிற்கிறவர் சிரிக்கிறாரா, தலையாட்டுகிறாரா என்று ஒரு கண் வைத்துக்கொள்வான். தலையாட்டாதவரோடு அவனுக்கு அவ்வளவு ஒட்டாது.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் நோன்பான தபசுகாலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னர், கரண்ட் போய்ப் போய் வந்த ஒரு பின்னேரம், கடைக் கொம்பியூட்டரின் படம் பட்டென்று அணைந்தது. கழற்றிப் பார்த்தான். திரைக்குப் படம் அனுப்புகிற கிராபிக்ஸ் கார்ட் கருகிப்போயிருந்தது. மொனிற்றருக்கு ஒன்றுமில்லை. அது பின்பக்கம் வயிறு தள்ளிய பழைய காலத்து மொனிற்றர். தூக்கினால் இடுப்புப் பிடிக்கும். ஆனால் நிறம் காட்டுவதில் அதற்கு நிகர் இல்லை என்று அவன் சாதித்துக்கொண்டிருந்தான். புது மொனிற்றர் வேண்டாம், புதுக் கார்ட் போதும் என்று முடிவு செய்து, புத்தளத்தில் இருந்த றஊப்புக்குப் போன் எடுத்தான்.

றஊப்பைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. றஊப் எருக்கலம்பிட்டியான். பிலேந்திரனும் அவனும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கு, ஒரே அடி. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனம் முழுவதையும் ஊரைவிட்டுப் போகச் சொல்லி இயக்கம் உத்தரவு போட்டபோது, றஊப் குடும்பமும் கையில் கிடைத்ததோடு கடலேறிப் புத்தளம் போய்ச் சேர்ந்தது. போகிற அன்று றஊப்பின் தாய் ஆசியா உம்மா தன்னுடைய சீதன அலுமாரியை இன்னாசிமுத்து வீட்டுக்குக் கைவண்டியில் அனுப்பிவைத்தா. "ஆராவது உடைச்சு விறகாக்குறதுக்குப் பதிலா உங்கட வீட்டில நிக்கட்டும்" என்றுதான் சொன்னாவாம். அது அப்படியே நின்றது. சமாதான காலத்தில் பாதை திறந்து றஊப் வந்தபோது, அந்த அலுமாரிக்குள் பிலேந்திரனின் மனைவி மாக்கிறட்டின் சேலைகள் இருந்தன. றஊப் கதவைத் தடவிப் பார்த்தான். "நிக்கட்டும் மச்சான். உம்மா திரும்பி வரேக்க எடுப்பம்" என்றான். பிலேந்திரன் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

உம்மா திரும்பி வருவதற்கான ஏற்பாட்டில்தான் றஊப் அப்போது முழுமூச்சாக இருந்தான். கொழும்பில் மின்சாமான் வாங்கி, மன்னார்க் கடைக்காரர்களுக்கு லொறியில் அனுப்புவது அவன் தொழில். பட்டினத்திலேயே ஒரு கடை போட்டுவிட்டால் தாயைக் கூட்டிக்கொண்டு வந்து எருக்கலம்பிட்டியில் இருக்கலாம். சந்தைக்குப் பக்கத்தில் ரேடியோ திருத்தும் சிங்கராசாவின் கட்டடத்தில் ஓர் அறை காலியாக இருந்தது. "ஆளை எனக்குத் தெரியாதே" என்று சிங்கராசா இழுத்தபோது, "எனக்குத் தெரியும். தங்கமான பெடியன்" என்று நெஞ்சில் தட்டிச் சொன்னவன் பிலேந்திரன்தான். உயிர்த்த ஞாயிறு கழிய வந்து பூட்டுத் திறப்பை வாங்கச் சொல்லிச் சிங்கராசாவும் சம்மதித்திருந்தார்.

கார்ட் வாங்கியாயிற்று, ஆதம்பாவாவின் லொறியில் வருகிறது என்று றஊப் போனில் சொன்னான். சொல்லிவிட்டு, "மச்சான், உம்மா தொதல் கிண்டி அனுப்பியிருக்கிறா. வந்த உடனே வெட்டிப் போடு. வைச்சிராத, என்ன?" என்றான்.

"ஓமடா, ஓம்" என்றான் பிலேந்திரன்.

"இல்லை மச்சான், அண்டைக்கே வெட்டு."

"ஓமெண்டு சொல்லுறனெல்லோ."

போனை வைத்துவிட்டுச் சிரித்தான். தொதல் என்றால் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டுகிற அல்வா மாதிரி இனிப்பு. விபூதிப் புதன் முடிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. மாக்கிறட் வீட்டில் தபசுகாலம் என்றால் சும்மா இல்லை. வெள்ளிக்கிழமைகளில் ஒருநேரச் சாப்பாட்டோடு ஒருசந்தி, மற்ற நாட்களில் இறைச்சி கிடையாது, உயிர்த்த ஞாயிறு வரைக்கும் இனிப்பு என்ற பேச்சே கிடையாது. தேத்தண்ணிக்கே சீனி போடமாட்டாள். மச்சானுக்கு எங்கட தபசு மறந்துபோச்சு என்று பிலேந்திரன் நினைத்துக்கொண்டான்.

அந்த நாட்களில் போனில் சாமான் பேர் சொல்லி ஒருவரும் பேசமாட்டார்கள். யார் ஒட்டுக்கேட்கிறார்களோ, எந்தச் சொல் யாருடைய காதில் எப்படி விழுமோ என்று பயம். வயர், பற்றறி, பின் என்ற சொற்களை வாயில் எடுக்காமலே யாவாரிகள் யாவாரம் முடிப்பார்கள். பிலேந்திரனுக்கு இது தெரியாத விஷயமில்லை. அவனும் அப்படித்தான் பேசுகிறவன். இருந்தும் ஒரு மனிதன் ஒரே விஷயத்தை இரண்டு தரம் அழுத்திச் சொன்னானே, ஏன் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

லொறி வந்தது. ஆதம்பாவா கார்ட் பெட்டியையும், பழைய பிஸ்கற் ரின் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார். ரின்னைப் பிலேந்திரன் அன்று மத்தியானமே வீட்டுக்குக் கொண்டுபோனான். மூடியின் இடுக்கால் வந்த கருப்பட்டி வாசத்துக்கு மாக்கிறட் கண்ணை மூடிக்கொண்டாள். "சேசுவே, இந்த நேரம் பாத்தா வரவேணும்?" என்று சொல்லி அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். ஆசியா உம்மாவின் அதே அலுமாரிதான்.

கார்ட் பெட்டியை அவன் தனியாக இருந்து திறந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். ஆனால் பிலேந்திரனுக்கு எதையும் ஆள் பார்க்கத்தான் திறக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் கொம்பியூட்டர் அறைக்குப் பொறுப்பாக இருந்த அன்ரோனெற் ரீச்சர் படத்துக்காக வந்திருந்தா. "இருங்கோ ரீச்சர், புதுச் சாமான் பூட்டுற விதத்தைப் பாத்திட்டுப் போங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டான். கார்ட்டை எடுத்தான், ஊதினான், உள்ளே செருகி இறுக்கினான். பிறகு மொனிற்றரின் வயரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் குனிந்தான்.

வயர் போகவில்லை. மொனிற்றரின் பிளக் சின்னது, நீலம். கார்ட்டில் இருந்த வாய்கள் இரண்டும் அகலம், வெள்ளை. திருப்பிப் பார்த்தான், சரித்துப் பார்த்தான். பெரிய வாய்க்குள் சின்னப் பிளக்கை எப்படித்தான் வைத்தாலும் அது பிடிக்கப்போவதில்லை. ரீச்சர் எழுந்து வந்து அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"என்ன பிலேந்திரன், இது அதுக்குச் சேராதோ?"

காது மடல் சுட்டது. பெட்டியை எடுத்துத் திருப்பினான். உள்ளே என்னென்ன இருக்கும் என்று பின்பக்கத்தில் படம் போட்டிருந்தது. கார்ட், ஒரு சீடி, பிறகு ஒரு சின்னத் துண்டு. துண்டின் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் நீலம். வெள்ளைப் பக்கத்தைக் கார்ட்டில் செருகி, நீலப் பக்கத்தில் பழைய மொனிற்றரைக் கொளுவ வேண்டும். பெட்டியின் மட்டைக்குள் அந்தத் துண்டு இருக்கவேண்டிய குழியும் இருந்தது. குழியில் ஒன்றும் இல்லை. கார்ட் வந்திருக்கிறது, சீடி வந்திருக்கிறது, துண்டை மட்டும் யாரோ எடுத்திருக்கிறார்கள்.

"தெரியேல்லை, கேட்டுப் பாப்பம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தைதான் அவன் வாயில் வராது. புதுக் கார்ட் வாங்கும்போது பழைய மொனிற்றருக்கு அது பொருந்துமா என்று விசாரித்தாயா என ரீச்சர் அடுத்துக் கேட்டுவிடுவாவோ என்ற பதற்றம் வேறு. ஏனென்றால் அவன் விசாரிக்கவில்லை. துண்டைப் பற்றி இந்த நிமிஷம் வரைக்கும் அவனுக்குத் தெரியாது.

"துண்டைக் கழட்டிப் போட்டான், ரீச்சர்" என்றான். "றஊப்தான். தனிய வித்திருப்பான்."

"சீச்சீ. அவர் உங்கட சிநேகிதன் எல்லோ?"

"சிநேகிதம் வேற. அவங்கட ஆக்கள் யாவாரியள்தானே."

சொல்லும்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஏதோ ஒரு சொல், அந்த நேரத்து வெட்கத்தை மறைக்க அகப்பட்டது. ரீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டா. அவன் மொனிற்றருக்கு மேல் துணியை இழுத்து மூடினான்.

அடுத்த நாளில் இருந்து படங்களைச் சீர்பண்ணப் பள்ளிக்கூடத்துக் கொம்பியூட்டரிடம் போக வேண்டி வந்தது. ஊர் முழுக்க இயந்திரம் திருத்துகிறவன் தன் சொந்த வேலைக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்றால் சனம் கேட்காமல் இருக்குமா? கேட்டது. ஒவ்வொரு தரமும் அவன் ஒரே பதிலைச் சொன்னான். பஸ் நிலையத்தில் சொன்னான், கோயில் வாசலில் சொன்னான், மீன் வாங்கப் போன இடத்தில் சொன்னான். சொல்லச் சொல்லக் கதைக்குக் கையும் காலும் முளைத்தது. முதலில் றஊப் துண்டை எடுத்திருப்பான் என்றிருந்தது எடுத்தான் என்று ஆயிற்று. பிறகு, முந்தியும் இப்படித்தான் செய்தவன் என்று ஆயிற்று. இது அவன் சொன்னதல்ல, யாரோ சேர்த்தது. தன் காதுக்கே அது திரும்பி வந்தபோது இல்லையென்று மறுக்கவும் இல்லை. இத்தனைக்கும் நடுவில் றஊப்பிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் அவனுக்குள்ளேயே இருந்தது. கேட்டால் அவன் இல்லையென்று சொல்லிவிடுவான். இல்லையென்று சொன்னால் நம்பவேண்டி வரும். நம்பிவிட்டால், ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? கேட்காமல் இருந்தால் கதை கதையாகவே நிற்கும்.

பெட்டி வந்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கடைப் போன் அடித்தது. வீட்டில் போன் கிடையாது, கடையில்தான். சின்னத் திரையில் றஊப்பின் நம்பர் தெரிந்தது. அன்ரோனெற் ரீச்சர் பள்ளிக்கூட அறைத் திறப்பைக் கொடுக்க வந்து நின்றா.

"எடுக்கேல்லையோ?"

"அவன்தான். ஏதாவது கதை விடுவான்."

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மூன்றாம் தரம் அடித்தபோது வயரையே கழற்றிவிட்டான். அதன் பிறகு றஊப் எடுக்கவில்லை.

பெரிய வியாழனுக்கு முதல், ஊர்ச் சனத்தோடு சனமாகப் பாவசங்கீர்த்தனத்துக்கும் போனான். கோபம், பெருமை, ஞாயிறுப் பூசைக்குப் பிந்தி வந்தது என்று வழக்கமான சாமான்களை அடுக்கினான். இதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டுமென்று மறைத்ததல்ல. களவு கொடுத்தவன் தான் என்றல்லவா அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

உயிர்த்த ஞாயிறு விடிந்தது. பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மாக்கிறட் முதல் வேலையாக அலுமாரியைத் திறந்தாள். நாற்பது நாளும் அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு சேலை எடுத்தவள் அவள். ரின் மூடியைக் கிளப்பினாள். எண்ணெய் கசிந்து மினுங்கிக்கொண்டு, கறுப்பாக, ஒரு பழுதும் இல்லாமல் தொதல் இருந்தது. பெருநாள் தட்டத்தை எடுத்து வைத்து, கத்தியை நடுவில் இறக்கினாள். பாதி இறங்கிய கத்தி டக்கென்று நின்றது.

"என்னப்பா இது, கல்லோ?"

அவன் வந்து கத்தியை வாங்கிக் கிளறினான். பொலித்தீனில் சுற்றி, அதற்கு மேல் இன்னொரு பொலித்தீன் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டிய ஏதோ ஒன்று வந்தது. பிரிக்கத் தேவையில்லாமலே அது என்னவென்று தெரிந்துவிட்டது. பொலித்தீனுக்குள்ளால் நீலம் தெரிந்தது.

மாக்கிறட் துண்டையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளும் பெண்களிடம் இந்தக் கதையைச் சொல்லியிருந்தாள், புருஷன் சொன்னதை நம்பி. "ஐயோ பிலேந்திரன்" என்றாள். அவ்வளவுதான். கலியாணம் கட்டிய நாளில் இருந்து அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

பெருநாள் உடுப்போடு சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டினத்துக்கு மிதித்தான். வழியெல்லாம் ஒரே ஒரு வேண்டுதல்: மாதாவே, இது பொருந்தக்கூடாது. இது வேறு ஏதோ துண்டாக இருக்க வேண்டும், பழுதான துண்டாக இருக்க வேண்டும். இருபது வருஷத் தொழிலில் ஒரு சாமான் வேலை செய்யக்கூடாது என்று அவன் வேண்டியது அன்றைக்கு மட்டும்தான். கடையைத் திறந்து, மொனிற்றர்த் துணியை எடுத்து, துண்டின் வெள்ளைப் பக்கத்தைக் கார்ட்டில் வைத்தான். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. நீலப் பக்கத்தில் மொனிற்றர் வயரைக் கொளுவினான். பழைய மொனிற்றர் ஒருதரம் முனகிவிட்டுப் படம் காட்டியது. முன்பு ஒருநாளும் காட்டாத அளவுக்குத் துலக்கமாகக் காட்டியது.

அவன் கதிரையில் இருந்து அழுதான். கடைக் கதவு திறந்து கிடக்கிறதே, யாராவது பார்ப்பார்களே என்ற நினைப்பு வந்ததும் எழுந்து போய்ச் சாத்தினான். அந்த நேரத்திலும் அந்த நினைப்பு வந்ததற்காக இன்னும் வெட்கப்பட்டான்.

சிங்கராசா வீட்டில் சாப்பாட்டு நேரம். கை கழுவிக்கொண்டே வாசலுக்கு வந்தார். பிலேந்திரன் துண்டை உள்ளங்கையில் வைத்து நீட்டி, நடந்ததைத் தலைகீழாக உளறிக் கொட்டினான். அவருக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

"அப்ப அவன் எடுக்கேல்லை?"

"எடுக்கேல்லை. அனுப்பியிருக்கிறான். நான்தான் பாக்கேல்லை. அண்ணன், அந்த அறை..."

"அறையைப் போன கிழமை மருந்துக்கடைக்காரனுக்குக் குடுத்திட்டன்." அவர் துவாயால் கையைத் துடைத்தார். "நீதானே ராசா சொன்னாய், தங்கமான பெடியன் எண்டு. குடுக்கிறன் எண்டன். பிறகும் நீதானே சொன்னாய், கள்ளனெண்டு. நான் உன்ர வாயைத்தான் நம்பினனான், ரெண்டு தரமும்."

"அவனுக்குச் சொல்லிப்போட்டியளோ?"

"ஆதம்பாவாவிட்டைச் சொல்லிவிட்டனான். ஏனெண்டு றஊப் கேட்டவனாம். ஆதம்பாவா ஏனெண்டும் சொல்லியிருப்பார்."

பிலேந்திரன் அங்கேயே நிலத்தில் குந்திவிட்டான். உள்ளே இருந்து சிங்கராசாவின் பிள்ளைகள் எட்டிப் பார்த்தன. பெருநாள் அன்று ஒருவன் வாசலில் குந்தியிருக்கிறானே என்று அவர் மனைவி பலகாரத் தட்டத்தை நீட்டினாள். அவன் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு எழும்பிக் கடைக்குத் திரும்பினான்.

போன் எடுப்பதற்கு முன்னால் என்ன சொல்வது என்று வசனம் வசனமாக அடுக்கிப் பார்த்தான். ஒன்றும் நிற்கவில்லை. நம்பரை அழுத்தினான். றஊப்தான் எடுத்தான்.

"றஊப், நான் பிலேந்திரன்."

"சொல்லுங்க."

சொல்லு என்று சொல்லவில்லை. மச்சான் என்று சொல்லவில்லை. ஒரே வாங்கில் இருந்து அடி வாங்கிய காலத்தில் இருந்து, இடையில் இத்தனை வருஷம் போயும், றஊப் அவனை நீங்க என்று பேசியது இதுதான் முதல் தரம். அடுக்கிவைத்த வசனமெல்லாம் அதோடு போய்விட்டது.

"துண்டு கிடைச்சுது. தொதலுக்கை."

"சரி. படம் வருதா?"

"வருது."

"மதவாச்சிச் செக்பொயின்ற்ல ஆமி பெட்டியெல்லாம் மேசையில கொட்டித்தான் பாக்கிறாங்க. பெரிய சாமான் திரும்பி வரும், சின்னச் சாமான் மேசையோட போயிரும். போன தரம் ரெண்டு மூண்டு போயிட்டுது. அதுதான் உம்மாட ரின்னுக்க வைச்சன். ஆதம்பாவாவுக்கும் சொல்லல்ல, பயந்திருவார் எண்டு." பொருளுக்குக் கணக்கு ஒப்புவிக்கிற மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னான். "இனி ஏதும் தேவையெண்டா வேற ஆளிட்டச் சொல்லுங்க. நான் மன்னார் யாவாரத்த விட்டுட்டன்."

"மச்சான், நான்..."

"உம்மா கேக்கிறா. பேசுங்க."

போன் கைமாறும் சத்தம் கேட்டது. இத்தனை வருஷம் கழித்து அந்தக் குரல், கொஞ்சம் நடுங்கிக்கொண்டு, ஆனால் அதே குரல்.

"பிலேந்திரன் மகனா? பெருநாள் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா? மாக்கிறட் எப்பிடி?"

"உம்மா" என்றான். இவவிடமாவது சொல்லிவிட வேண்டும், இப்போது சொல்லாவிட்டால் ஒருநாளும் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தது. "உம்மா, நான் உங்கட மகனைக் கள்ளனெண்டு ஊரெல்லாம் சொன்னனான்."

அந்தப் பக்கத்தில் பின்னால் எங்கேயோ ஒரு கோழி கத்தியது.

"தெரியும் மகன்" என்றா ஆசியா உம்மா. "அவன் சொல்லல்ல. சனம் வந்து சொன்னிச்சு." பிறகு, பிழை தன் பக்கத்தில்தான் என்பது போல மெல்லச் சொன்னா: "நான் அப்பவே றஊப்புக்குச் சொன்னனான். இது அவங்களுக்குத் தபசு, பெருநாள் வரைக்கும் மாக்கிறட் இனிப்புத் தொடமாட்டா, நீ உள்ளுக்க வைச்சது அவங்களுக்குத் தெரிய வராது, எடுத்துச் சொல்லு எண்டு. அவனும் எடுத்தவன்தான். மூண்டு தரம் எடுத்தவன், மகன். நீங்க கடையில இல்லப் போல."

பிலேந்திரன் போன் வயரைப் பார்த்தான். அன்றைக்குக் கழற்றியதும் அதே கைதான். றஊப்புக்கு அப்போது எந்தக் கதையும் எட்டியிருக்கவில்லை. சண்டை பிடிக்க எடுக்கவில்லை, சமாதானம் சொல்ல எடுக்கவில்லை. ரின்னைத் திறந்து பார் என்று சொல்லத்தான் எடுத்திருக்கிறான். முஸ்லிம் வீட்டில் இருக்கிற ஒரு வயதான மனுஷி, ஊரைவிட்டுத் துரத்தப்பட்டுப் பதினேழு வருஷத்துக்குப் பிறகும் இவர்களுடைய தபசை நினைவு வைத்து, எடுக்கச் சொல்லியிருக்கிறா. அந்தப் போனை எடுத்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். அறையும் இருந்திருக்கும்.

கடையில் இருந்தேன், உம்மா என்று சொல்ல வாயெடுத்தான். அதற்கிடையில் ஆசியா உம்மா கேட்டா:

"அது போகட்டும். தொதல் எப்பிடி வந்திருந்திச்சு? இஞ்சத்தத் தேங்காய்க்கு அந்தப் பதம் வராது. நாப்பது நாளா யோசிச்சுக்கொண்டு இருக்கிறன், பிடிச்சுதோ பிடிக்கல்லையோ எண்டு."

அவன் பதில் சொல்வதற்குள் லைன் அறுந்துபோனது. அந்தக் காலத்தில் அது வழக்கம்தான். மறுபடி மறுபடி முயன்றான். பின்னேரம் வரைக்கும் இணைப்பு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்குப் பிறகு பாதை மூடியது, லொறிகளும் நின்றன.

அன்று வீட்டுக்குத் திரும்பியபோது மேசையில் தட்டம் அப்படியே இருந்தது. மாக்கிறட்டும் தொடவில்லை. அலுமாரிக் கதவைத் திறந்து வைத்து, தன் சேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கட்டிலில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அது ஆசியா உம்மாவின் அலுமாரி. நின்றபடியே ஒரு துண்டு தொதலை எடுத்து வாயில் போட்டான். பதம் சரியாகத்தான் இருந்தது. சின்ன வயதில் எருக்கலம்பிட்டி வீட்டில் தின்ற அதே பதம். அதை உம்மாவிடம் சொல்ல அவனுக்கு வழி இருக்கவில்லை.